நரம்பு செல்லின் மின்சாரம்: பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரம்பு செல்லில் மின்சாரம் எப்படி உண்டாகிறது என்று கேட்டால், பிளஸ் டூ மாணவர்கள் பலர் “சோடியம்-பொட்டாசியம் பம்ப்” என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். மற்ற குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கிறது.

செல்லின் சவ்வில் இருக்கும் இந்தப் புரதப் பம்ப் ஒவ்வொரு முறையும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதனால் செல்லுக்குள் பொட்டாசியமும் வெளியே சோடியமும் மிகுதியாகச் சேர்கின்றன. அதன் முக்கிய வேலை அவ்வளவுதான். ஓய்வில் சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே இருக்கும் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட் மின்னழுத்தத்துக்குப் பெரும் காரணம், சவ்வில் எப்போதும் திறந்திருக்கும் கால்வாய்கள் (அயனிகள் போகும் நுண்துளைகள்) வழியாகப் பொட்டாசியம் வெளியே கசிவது. பம்பின் நேரடிப் பங்கு சில மில்லிவோல்ட்தான்.

சரி, துடிப்பு, அதாவது நரம்பு கடத்தும் மின்செய்தி, எழும்போது? சோடியம் கால்வாய்கள் திறக்கின்றன, சோடியம் தானாகவே உள்ளே பாய்கிறது. ஒரு மில்லிவினாடிக்குள் உட்புறம் நேர்மின்னாகிவிடும். உடனே அந்தக் கால்வாய்கள் அடைத்துக்கொள்ள, பொட்டாசியம் வெளியேறி மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்கு இறக்குகிறது. “பம்ப்தான் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது” என்று எழுதினால் அது தவறு. மொட்டைமாடித் தொட்டியை மோட்டார் நிரப்பி வைத்துவிட்டால், கரண்ட் போன பிறகும் குழாயில் தண்ணீர் வரும் அல்லவா, அதுபோல. 1955இல் விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் கீன்ஸும் கணவாயின் பருத்த ஆக்சானில் (நரம்பு செல்லின் நீண்ட இழை) டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனத்தைக் கொண்டு பம்பை முடக்கிப் பார்த்தார்கள். துடிப்புகள் தொடர்ந்து வந்தன! பல் பிடுங்கும்முன் போடும் லிக்னோகைன் ஊசி இதற்கு நேர்மாறு: அது பம்பைத் தொடுவதில்லை, சோடியம் கால்வாயை அடைக்கிறது. வலிச் செய்தி நின்றுபோகிறது.

ஒவ்வொரு துடிப்பிலும் சோடியமும் பொட்டாசியமும் மொத்தமாக இடம் மாறிவிடுகின்றன என்று நினைப்பதும் தவறு. சவ்வைத் தாண்டுவது மிகமிகக் கொஞ்சம். பருத்த ஆக்சானில் ஒரு துடிப்பால் செறிவு மாறியதா என்று அளந்துகூடப் பார்க்க முடியாது.

தூண்டல் பலமானால் துடிப்பும் உயரமாகும் என்பார்கள். ஆகாது. வரம்பைத் தாண்டினால் முழுத் துடிப்பு, தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை. பலமான தூண்டலுக்குத் துடிப்புகள் அடுத்தடுத்து நெருக்கமாக வரும்.

அப்புறம், மின்சாரம் என்றதும் கம்பியில் ஓடும் கரண்டின் வேகத்தை நினைத்துக்கொள்வது. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தவளை நரம்பில் அளந்தபோது கிடைத்தது வினாடிக்கு சுமார் 30 மீட்டர்தான். மனிதனின் பருத்த, மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றிய நரம்பிழைகளில் 120 மீட்டர் வரை போகும். மயலின் இல்லாத மெல்லிய வலி இழைகளில் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். கால் விரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்று ஒரு வலி, சற்றுப் பொறுத்து மந்தமாக இன்னொரு வலி வருவது இந்த வேக வித்தியாசத்தால்தான். சுரீர் வலியைக் கொண்டுவருவது மெல்லிய மயலின் உறையுள்ள இழை.

மயலின் உறைமேல் செய்தி “தாவுகிறது” என்று வெளிப்புறமாக வளைந்த அம்புக்குறி போட்டுப் பழகியிருப்போம். உண்மையில் மின்னோட்டம் ஆக்சானுக்குள்ளேயே அடுத்த ரான்வியர் கணுவுக்கு (உறையில் விடப்பட்ட சிறு இடைவெளி) போகிறது. உறை அது வழியில் கசிந்து வீணாகாமல் காக்கிறது. இந்தக் கணுக்களில் சோடியம் கால்வாய்கள் குவிந்திருப்பதால் அங்கங்கே துடிப்பு புதிதாக எழுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் இந்த உறை சிதைவதால், செய்தி தாமதமாகிறது அல்லது வழியிலேயே அணைந்துபோகிறது. படம் வரையும்போது அம்புக்குறியை ஆக்சானுக்கு உள்ளே போடுங்கள்.