பிள்ளைக்கு லேசாகச் சுகமில்லை: பள்ளிக்கூடத்துக்கு விடுவதா, மறிப்பதா?

கொழும்பில் பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்குகிறது, வேன் அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னமே வாசலில் ஹோர்ன் அடிக்கும். பிள்ளை தலையணையை விட்டு எழும்பாமல் "அம்மா, சுகமில்லை" என்றால் யோசிக்கக் கிடைப்பது பல்லு விளக்கி யூனிஃபோர்ம் போடுகிற நேரம்தான். கடும் வருத்தம் என்றால் குழப்பமே இல்லை, நேரே ஆஸ்பத்திரி. ஆளைக் குழப்புவது இந்த அரைகுறை வருத்தங்கள். முதல் பிள்ளையைத் தரம் 1இல் சேர்த்துவிட்டு முழிக்கிறவர்களுக்காக, நான் பார்க்கிற ஒழுங்கை எழுதுகிறேன்.

படி 1: முதலில் தெர்மோமீட்டர், பிறகுதான் சிரப்

நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. அரிசி கழுவின கைக்கு எல்லா நெற்றியும் சுடும். டிஜிட்டல் தெர்மோமீட்டரைக் கமக்கட்டில் வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்து, சத்தம் வரும் வரை பொறுங்கள். 38 பாகை செல்சியஸ், பரனைட்டில் 100.4, அதுவும் அதற்கு மேலும் காய்ச்சல். கமக்கட்டில் வைத்தால் உள்ளே இருப்பதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், அதனால் 37.5ஐத் தாண்டினாலே நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். சிரப்பைக் கொடுத்துவிட்டு அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

படி 2: காய்ச்சல் என்றால் பேச்சே இல்லை, வீடுதான்

ஆறு மணிக்குப் பனடோல் சிரப் கொடுத்தால் பிள்ளை வேனில் சிரித்துக்கொண்டுதான் ஏறும். ஆனால் அந்த மருந்து நாலு முதல் ஆறு மணித்தியாலம்தான் நிற்கும். இன்டர்வல் நேரத்தில் உடம்பு திரும்பக் கொதிக்கும், டீச்சர் நாற்பது பிள்ளைகளை விட்டுவிட்டு உங்களுக்கு ஃபோன் எடுப்பார், நீங்கள் கோட்டையில் மீட்டிங்கில் இருப்பீர்கள். இரவு காய்ந்த பிள்ளை விடியக் குளிர்ந்திருக்கிறதே என்றும் ஏமாறாதீர்கள், உடம்புச் சூடு காலையில் இயல்பாகவே இறங்கி, பின்னேரம் ஏறும். மருந்து கொடுக்காமல் 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் பள்ளிக்கூடம்.

படி 3: நம் ஊர்க் காய்ச்சலுக்கு டெங்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது

வெளிநாட்டு அம்மாமாருக்கு எழுதின குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இங்கே சறுக்குவது இந்த இடத்தில்தான். மூக்கு ஒழுகி, இருமலோடு வருகிற காய்ச்சல் பெரும்பாலும் சாதாரண வைரஸ். தடிமனும் இல்லை, இருமலும் இல்லை, ஆனால் திடீரென்று கொதிக்கிறது, முகம் சிவந்திருக்கிறது, தலையும் கண்ணுக்குப் பின்னாலும் நோகுது என்கிறது, பிடித்த சாப்பாட்டைக்கூடத் தள்ளிவிடுகிறது என்றால் முதலில் டெங்குவைத்தான் நினைக்க வேண்டும். (தடிமன் இருந்தால் டெங்கு இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது.) மே, ஜூன், ஜூலை மழையோடும் வருடக் கடைசி மழையோடும் இது கூடும். 2017இல் நாடு முழுக்க ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் பேருக்கு வந்தது.

காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் ஃபோனில் குறித்து வையுங்கள். டொக்டர் முதலில் கேட்கப்போவது "இண்டைக்கு எத்தனையாம் நாள்?" என்பதுதான், அப்போது கணவனும் மனைவியும் டிஸ்பென்சரியில் நின்று செவ்வாயா புதனா என்று சண்டை பிடிக்கக் கூடாது. மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை, அதாவது எஃப்.பி.சி, செய்துவிடுங்கள். டொக்டர் முந்திச் செய்யச் சொன்னால் முந்தியே செய்யுங்கள்.

மருந்து பரசிட்டமோல் (பனடோல் அதுதான்) மட்டும். ஒரு தடவைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியால இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது 12.5 மில்லிலீற்றர், ஆனால் போத்தலில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். காய்ச்சல் இறங்கவில்லையே என்று ஐபுப்ரோஃபன், அஸ்பிரின் அல்லது பின்பக்கம் வைக்கிற டைக்ளோஃபெனாக் பக்கம் போகவே வேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பக்கத்து ஃப்ளாட் அன்ரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய மிச்ச மருந்து இதற்கு வேண்டாம்.

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் இறங்குகிறபோதுதான் தொடங்குகிறது. நாலாம் நாள் காலை உடம்பு குளிர்ந்திருந்தால் உடனே யூனிஃபோர்மை எடுக்காதீர்கள். விடாமல் சத்தி, கடும் வயிற்று நோ, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிட்டுப்போவது, சோர்ந்து படுப்பது, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது: இதில் ஒன்று இருந்தாலும் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி, அல்லது கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரி. வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, காய்ச்சல்காரப் பிள்ளையைக் கடித்துவிட்டு மற்றவர்களுக்குப் பரப்பும், ஆகவே பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்கவிடுங்கள்.

படி 4: காய்ச்சல் இல்லை, ஆனால் வேறு ஏதோ இருக்கிறது

வெறும் தடிமன், இருமல் என்றால் விடலாம். தடிமனுக்குப் பிறகு இருமல் இரண்டு மூன்று கிழமை இழுபடும், அதற்கெல்லாம் மறித்தால் தவணை முடிந்துவிடும். மூக்குச்சளி பச்சையாக இருப்பதும் தனியே ஒரு காரணமில்லை. இரவு முழுக்க இருமி நித்திரை இல்லையென்றால் மறியுங்கள். இழுப்பு வருகிற பிள்ளை என்றால் சட்டையைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் நிறுத்தி மூச்சைப் பாருங்கள்: ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுபடுகிறதென்றால், ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லையென்றால், பள்ளிக்கூடம் அல்ல, நேரே டொக்டர்.

சத்தி, வயிற்றோட்டம் என்றால் கடைசியாகப் போனதிலிருந்து குறைந்தது 24 மணித்தியாலம் வீட்டில். பிரித்தானியாவில் 48 என்கிறார்கள், முடிந்தால் அதுவே நல்லது. ஜீவனியை, அதாவது வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புத் தூளை, பக்கற்றில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரிலேயே கரையுங்கள், அரைப் பக்கற் அரைக் கோப்பை என்று கண்ணளவில் கலக்க வேண்டாம்.

அம்மாள் வருத்தம் (சிக்கன்பொக்ஸ்) என்றால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டும் வரை, ஐந்து நாளாவது ஆகும். கண் சிவந்து பீளை கட்டி இமை ஒட்டியிருந்தால் காட்டிவிட்டு அனுப்புங்கள். பேன்? வெட்கம்தான், லீவு இல்லை.

படி 5: திங்கட்கிழமை வயிற்று நோ

பொய் என்று உடனே பாயாதீர்கள். "சரி, நில். ஆனால் டிவியும் இல்லை, ஃபோனும் இல்லை, கஞ்சிதான்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் சரி என்று சுருண்டு படுத்தால் உண்மையாகவே நோகிறது. கிழமைக்குக் கிழமை வந்தால் வேறு ஏதோ இருக்கிறது: வேனில் யாரோ சீண்டலாம், அல்லது பள்ளிக்கூட டொய்லெட் பிடிக்காமல் அடக்கி அடக்கி மலச்சிக்கலாகியிருக்கலாம். இரண்டாவது நாம் நினைப்பதைவிட நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது, யாரும் கேட்காததால் சொல்வதில்லை.

படி 6: இன்னும் முடிவு வரவில்லையா

ஒன்றரை மணி வரை ஒருவருடைய உதவியும் இல்லாமல் இந்தப் பிள்ளை சமாளிக்குமா என்று உங்களையே கேளுங்கள். அப்புறம், பத்து மணிக்கு ஃபோன் வந்தால் போய்க் கூட்டிவர ஆள் இருக்கிறதா? இரண்டு பேரும் வேலைக்குப் போய், அம்மம்மாவும் ஊரில் என்றால், சந்தேகத்தில் மறிப்பதே மேல். யாருடைய லீவு என்பதை முதல் நாள் இரவே பேசி வையுங்கள், விடியப் பேசினால் எப்போதும் அம்மாவின் லீவுதான் போகும். ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிற வழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை, காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்தக் கப் போகிறது.

மறிப்பது என்று முடிவானால் வேன்காரருக்கு முதல் ஃபோன், வகுப்பு டீச்சருக்குப் பிறகு மெசேஜ். தொற்று வருத்தம் என்றால் "சுகமில்லை" என்று மழுப்பாமல் பெயரைச் சொல்லியே எழுதுங்கள், முக்கியமாக அம்மாள் வருத்தம் என்றால். அந்த வகுப்பில் கர்ப்பிணி டீச்சர் ஒருவர் படிப்பித்துக்கொண்டிருக்கலாம், அவருக்கு அது விளையாட்டு வருத்தமில்லை.