ஹன்டிங்டன் குடும்பத்தார் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும் முறை

கோத்தகிரியிலோ குன்னூரிலோ வாழும் ஒருவருக்கு, மூளை நரம்பணுக்களைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோய் உறுதியானால், அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதை உண்டாக்கும் மாறிய மரபணு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. அவர்கள் இரத்தம் கொடுக்குமுன் இரண்டு பரிசோதனைகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது மரபணுப் பரிசோதனை. 4ஆவது குரோமோசோமிலுள்ள அம்மரபணுவில் சி.ஏ.ஜி. என்னும் மூன்றெழுத்து டி.என்.ஏ. தொடர் எத்தனை முறை அடுக்கி வருகிறது என்பதை அது எண்ணுகிறது. 40 அல்லது அதற்கு மேலானால் இயல்பான ஆயுளுக்குள் நோய் வரும். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். இந்த விடை மாறாது என்பதால் ஒருமுறை செய்தால் போதும்.

இரண்டாவது, என்.எஃப்.எல். எனப்படும் நியூரோஃபிலமென்ட் லைட் செயின் என்னும் புரதத்தை இரத்தத்தில் அளப்பது. நரம்பிழை சிதையும்போது அதனுள்ளிருக்கும் இப்புரதம் தண்டுவட நீருக்கும், அங்கிருந்து மிகச் சிறிதளவு இரத்தத்திற்கும் கசிகிறது. சிதைவு நடக்கிறது என்று அது சொல்லும். எந்த நோயால் என்று சொல்லாது. வயது, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோயால் வந்த நரம்புப் பாதிப்பு, அண்மையில் தலையில் பட்ட அடி ஆகியவையும் அதை உயர்த்தும். இவற்றை விசாரிக்காமலே ஊசியை எடுக்கும் லேபை நான் நம்பமாட்டேன்.

மாறிய மரபணு உள்ளவர்களுக்கு அறிகுறி தோன்றப் பல ஆண்டுகளுக்கு முன்பே என்.எஃப்.எல். உயரத் தொடங்குவதால், தன் மரபணு நிலையை அறிய விரும்பாத ஒருவர் 'சும்மா பார்த்துவைப்போம்' என்று இதைச் செய்துகொண்டால், கேட்காத கேள்விக்குப் பாதி விடை கைக்கு வந்துவிடும். ஆகவே வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிமான்ஸ் போன்ற இடத்தில் மரபணு ஆலோசனை பெற்ற பின்னரே எதையும் தொடங்குங்கள். அறிகுறியில்லாத, 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பரிசோதனை வேண்டாம்.

மரபணுப் பரிசோதனைக்கான இரத்தத்தை மலையிலேயே, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. மருந்திட்ட ஊதா மூடி டியூபில் எடுத்து, குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, குளிர்ப்பெட்டியில் கீழே அனுப்பலாம். என்.எஃப்.எல்.லுக்கு அது நல்லதன்று. எடுத்த சில மணி நேரத்தில் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைக்க வேண்டும். பிரிக்காத இரத்தம் ஐஸ் மீது பட்டு உறைந்தால் அணுக்கள் உடைந்து மாதிரி கெட்டுவிடும். ஐப்பசி மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து வண்டி நின்றால் டியூபும் அங்கேயே நிற்கும். ஆகையால் ஆளே கோயம்புத்தூருக்கு இறங்கி, அப்பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் வசதியுள்ள லேபில் கொடுப்பது மேல். மறுமுறை எடுக்கும்போதும் அதே லேபுக்கே செல்லுங்கள். கருவிக்குக் கருவி எண் வேறுபடும்.