புதிய ஸ்பீக்கர்களை அறையில் அமைப்பதும் பழக்குவதும்

ஸ்டீரியோ ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கியவர்கள், எத்தனை மணி நேரம் ஓடினால் அதன் உண்மையான ஒலி வெளிப்படும் என்றே முதலில் கேட்கிறார்கள். என் கருத்தில் அதைவிட முக்கியமானது, அவற்றை அறையில் எங்கே வைப்பது என்பதுதான். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பதால் உண்டாகும் மாற்றம், நூறு மணி நேரம் ஓடவிடுவதால் வருவதில்லை.

வயரிங் வேலையைத் தொடங்கும் முன் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட வேண்டும். ஐந்தாறு மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதுமானது. அதற்குமேல் விலை கொடுத்து வாங்கும் வயர்களில் பணத்தைச் செலவிடத் தேவையில்லை. தோலை உரித்த முனையை இறுக முறுக்கி, ஓர் இழைகூட அடுத்த முனையைத் தொடாதவாறு பொருத்தவும். அப்படித் தொட்டால் ஆம்ப்ளிஃபயர் பழுதாகக்கூடும். இரண்டு ஸ்பீக்கர்களிலும் சிவப்பு முனை சிவப்போடும் கறுப்பு முனை கறுப்போடும் சேர வேண்டும். ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் ஒன்றின் கூம்பு (அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) முன்னே வரும்போது மற்றதன் கூம்பு பின்னே போகும். பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, மெலிந்துவிடும், பாடகரின் குரலும் நடுவில் நிற்காமல் அறையெங்கும் கலைந்து கேட்கும். ஐயம் இருந்தால், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வயர்களைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஸ்பீக்கருக்குச் செல்லும் சிவப்பு வயரிலும் எதிர்முனையைக் கறுப்பு வயரிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பாஸ் ஒலியைத் தரும் பெரிய கூம்பான ஊஃபர் இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே திசையில் அசைய வேண்டும்.

பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் இங்கிலாந்தின் ஈஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1931 டிசம்பரில் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே, எந்தப் பெட்டியும் இல்லாத இடத்திலிருந்து ஒலி வருவதாகக் காதுக்குத் தோன்ற வைப்பதுதான் ஸ்டீரியோவின் நோக்கம். அது நிறைவேற, இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரின் தலையும் ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். நடுத்தர அறையில் ஸ்பீக்கர்களுக்கு இடையே இரண்டு மீட்டரும், அவற்றிலிருந்து நாற்காலிக்கு இரண்டு மீட்டரும் வைத்துத் தொடங்கலாம். உயர் ஒலிகளைத் தரும் சிறிய பகுதியான ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டர் வரை இருக்கட்டும். இரண்டையும் சற்று உள்நோக்கித் திருப்பி, ஒருவர் மட்டும் பாடும் பாட்டை ஒலிக்கவிட்டு, குரல் நடுவில் ஒரு புள்ளியாகக் குவியும்வரை கோணத்தைச் சிறிது சிறிதாக மாற்றவும்.

அதிகப் பொறுமை தேவைப்படுவது பாஸ் விஷயத்தில்தான். சுவரை நெருங்க நெருங்க பாஸ் கூடும்; மூலையில் வைத்தால் இன்னும் கூடி, மிருதங்கத்தின் தொப்பி ஒலி தெளிவிழந்து வெறும் முழக்கமாகிவிடும். பின்புறம் துவாரம் உள்ள ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள் திணிப்பது அதன் வடிவமைப்பையே கெடுப்பதாகும். பின்சுவரிலிருந்து 30 சென்டிமீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஐந்து சென்டிமீட்டர் நகர்த்திக் கேளுங்கள். நாற்காலியின் இடமும் இதே அளவுக்கு முக்கியம். 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் அளவில் நிலையலை ஒன்று, அதாவது எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி தன்னோடு சேர்ந்து உண்டாக்கும் நிலையான அலை, உருவாகும். அந்த ஒலி அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய மறைந்து, சுவரோரத்தில் மிகுந்து கேட்கும். ஆகவே இந்த இரண்டு இடங்களையும் தவிர்த்து நாற்காலியைப் போடுவது நல்லது.

டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் உள்ள நம் வீடுகளில் கைதட்டினாலே எதிரொலி கேட்கும். தடித்த பவானி ஜமக்காளம் ஒன்றை ஸ்பீக்கர்களுக்கும் நாற்காலிக்கும் இடையே விரித்து, சன்னல்களுக்குக் கனமான திரை போட்டால் உயர் ஒலிகளின் கூர்மை அடங்கும். பாஸை இவை தொடுவதில்லை.

இனி பழக்குவதைப் பற்றிப் பார்ப்போம். கூம்பின் பின்னே அதைத் தாங்கி நிற்கும் வட்டத் துணியில் பிசின் ஏற்றியிருப்பார்கள். கஞ்சி போட்ட வேட்டியைப் போல அது முதலில் விறைப்பாக இருந்து, அசைய அசையத் தளரும். இந்தத் தளர்வின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றும் கூம்பை எதிர்த்துத் தள்ளுவதால், இந்த மாற்றம் ஒலியில் சிறிதளவே தெரியும். வாரக்கணக்கில் நேர்வதாகச் சொல்லப்படும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு நம் காது அந்த ஒலிக்குப் பழகுவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆகையால் முதல் சில நாள்கள், பாஸ் உள்ள பலவகை இசையை நடுத்தர அளவில் கேட்டாலே போதும். ஆளில்லாத நேரத்தில் ஓடவிட விரும்பினால், இரண்டையும் நேருக்கு நேர் நெருக்கி வைத்து, ஒன்றின் வயரை மட்டும் தலைகீழாக மாற்றி இணைத்துப் போர்வை போர்த்தினால் சத்தம் பெரிதும் குறையும். முடிந்ததும் வயரை மறக்காமல் சரிசெய்துவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் சக்தியை மீறி ஒலியைக் கூட்டி, ஒலி கரகரக்கும்வரை ஓடவிடக் கூடாது; ட்வீட்டர் கருகக் காரணமாவது பெரும்பாலும் அதுவே.

ஒரு பக்கம் மட்டும் வேறுவிதமாகக் கேட்டால், பழகட்டும் என்று காத்திருக்காமல் ஸ்பீக்கர்களை இடம் வலம் மாற்றி வைத்துப் பாருங்கள். குறை ஸ்பீக்கரோடு சேர்ந்து மறுபக்கம் நகர்ந்தால் பழுது ஸ்பீக்கரில் இருக்கிறது. அதைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். குறை அதே பக்கத்தில் நின்றால் அறையையும் வயரையும் ஆம்ப்ளிஃபயரையும் அந்த வரிசையிலேயே சோதிக்கவும்.