முன்னாள் படைவீரர் குடும்பம் இசிஎச்எஸ் திட்டத்தைப் பயன்படுத்துவது எப்படி?

2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்ட இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம்), ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் பாலிகிளினிக்குகள் எனப்படும் தன் சொந்த மருத்துவ மையங்கள் வழியாகவும், திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகள் வழியாகவும் சிகிச்சை அளிக்கிறது. இதன் நடைமுறை பெரும்பாலும் படைவீரர் ஒருவருக்கே தெரிந்திருக்கிறது. அவரே நினைவிழந்து கிடக்கும் நேரத்தில் அலைய வேண்டியவர் மனைவியோ பிள்ளைகளோதான். ஆகவே அவர்களுக்கும் இதை இன்றே சொல்லிவைக்க வேண்டும்.

முதலில் பெயர்களைச் சரிபாருங்கள். நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் இல்லாததால், படைப்பிரிவின் பதிவேட்டில் ‘செல்வி’ என்றிருப்பவர் ஆதாரில் ‘எஸ். தமிழ்ச்செல்வி’ ஆகியிருப்பார், கணவர் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்றோரிடத்தில் முழுதாகவும் இருக்கும். படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார், இசிஎச்எஸ் அட்டை ஆகிய நான்கையும் அருகருகே வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் படைவீரரின் பணி ஆவணங்களைப் பராமரிக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்திக்கொள்ள வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதற்கு வழிகாட்டுவார்கள். திருத்தம் முடியக் காலம் பிடிக்கும் என்பதால், நோய் வரும்வரை இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வழக்கமான சிகிச்சைக்கு அட்டையுடன் பாலிகிளினிக் செல்லுங்கள். அங்கே முடியாததற்கு மருத்துவர் பரிந்துரைக் கடிதம் தருவார். அதைக் காட்டினால், இணைந்த மருத்துவமனையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். கடிதம் செல்லுபடியாகும் கெடுவை வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாரடைப்பு, பக்கவாதம், விபத்து போன்ற அவசரங்களில் பரிந்துரைக் கடிதத்துக்காகக் காத்திருக்கவே வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனையில் உடனே சேருங்கள். அது திட்டத்தில் இணைந்ததாக இருந்தால், நோயாளி இசிஎச்எஸ் உறுப்பினர் என்பதைச் சேரும்போதே சொல்லி அட்டையைக் காட்டிவிடுங்கள். இணையாத மருத்துவமனை என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கட்டணத்தை முதலில் நீங்கள் செலுத்திப் பின்னர் கோர வேண்டும். கோரும்போது அசல் ரசீதுகள், மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சுருக்கம், அவசர நிலையில் சேர்ந்ததற்கான மருத்துவர் சான்று ஆகியவை தேவைப்படும். கட்டிய தொகை முழுவதும் திரும்ப வரும் என்று எண்ணிவிடாதீர்கள். அரசு நிர்ணயித்த கட்டண விகிதப்படியே வழங்கப்படும்.

உடல்நோய்க்கு அட்டையை எடுப்பவர்கள் மனநலத்துக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்பது மிகுந்த வருத்தம் தருகிறது. எல்லையில் பணியாற்றி வந்தவர் இரவில் திடுக்கிட்டு எழுவதும், சிறு சத்தத்துக்கும் சீறுவதும், படைவீரர் கேன்டீனில் மாதத்துக்கென வாங்கிய மது ஒரு வாரத்திலேயே தீர்ந்துபோவதும் அவருடைய குணக்கேடு என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. பலர் முன்னிலையில் கேட்காமல், தனியே இருக்கும்போது “தூக்கம் சரியாக வருகிறதா?” என்று மனைவியோ உடன் பணியாற்றிய நண்பரோ கேட்பது நல்ல தொடக்கம். அவர் இசைந்தால் பாலிகிளினிக் மருத்துவரிடம் சொல்லி மனநல மருத்துவருக்குப் பரிந்துரை பெறலாம். நேரில் வர மறுத்தால், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்; அவரை எப்படி அணுகுவது என்று கேட்கக் குடும்பத்தினரும் அழைக்கலாம்.