இதயத்தில் சிறு ஓட்டை: எக்கோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவில் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்ததுமே ஓட்டை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருக்கும் பிஎஃப்ஓ என்ற சிறு திறப்பு, நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவில் பல நேரம் சிக்காது. பெரியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் 60 வயதுக்குள் காரணம் புரியாமல் பக்கவாதம் வந்தவருக்கு இதைத் தேடியே ஆகவேண்டும்.

தேடும் வழி பபிள் டெஸ்ட்: உப்புநீரில் (சலைன்) காற்றுக்குமிழ் கலந்து கைநரம்பில் ஏற்றி, அது இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் தாண்டுகிறதா என்று எக்கோவில் பார்ப்பது. 10 மி.லி. சிரிஞ்சு இரண்டு, நடுவில் த்ரீ-வே என்ற மூன்றுவழி இணைப்பான், ஏறக்குறைய 9 மி.லி. சலைன், 1 மி.லி.க்கு மிகாத காற்று. மாற்றி மாற்றித் தள்ளி, நுரைத்த உடனே ஏற்ற வேண்டும். தாமதித்தால் குமிழ் கரைந்துவிடும். புறங்கையில் மெல்லிய வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய்) போட்டால் வேகம் போதாது. முழங்கை மடிப்பில் 20 கேஜ் அளவில் போடுவதே சரி. வலது மேலறை குமிழால் நிரம்பாத படத்தை வைத்து ‘இல்லை’ என்று எழுதவே கூடாது.

அதிகம் சொதப்புவது மூச்சை முக்கிப் பிடிப்பதில்தான். வலதுபக்க அழுத்தம் இடதைத் தாண்டும்போதுதான் திறப்பு நன்றாகத் திறக்கும். முக்கிவிட்டு மூச்சை விடும் நொடி அது. ஊசி ஏற்றும் முன்பே நோயாளியைப் பழக்குங்கள். காலி சிரிஞ்சை ஊதி பிஸ்டனை நகர்த்தச் சொன்னால் எளிதில் புரிந்துகொள்வார்கள். குமிழ் வலது மேலறைக்கு வந்ததும் ‘விடுங்க’ என்று சொல்லவேண்டும். அப்போது நடுச்சுவர் இடதுபக்கம் புடைக்கவில்லையா? மூச்சை முக்கிப் பிடித்தது போதவில்லை, மறுபடி செய்யுங்கள். 3 துடிப்புக்குள் இடப்பக்கம் குமிழ் தெரிந்தால் பிஎஃப்ஓ. 5 துடிப்புக்கும் பிறகு வந்தால் கோளாறு நுரையீரல் ரத்தக்குழாயில் இருக்கலாம். அதனால் 10 துடிப்பாவது பதிவாக வேண்டும்.

உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் டிஇஇ மிகத் தெளிவானது. ஆனால் ஆழ்ந்து மயங்கியவரால் முக்க முடியாது; அப்போது அதிலும் தவறிப்போகலாம்.

இல்லாத ஓட்டை தெரிவதும் உண்டு. நாலு அறைகளும் தெரியும் கோணத்தில், நடுச்சுவரின் மெல்லிய பகுதி எக்கோவின் ஒலியலைக்கு இணையாக நிற்பதால் இடைவெளிபோல் தோன்றும். மேல்வயிற்றிலிருந்தும் பார்க்காமல் ஏஎஸ்டி (மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் நிஜமான ஓட்டை) என்று எழுதக்கூடாது. இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருந்தும் ஓட்டை சிக்கவில்லை என்றால், மேலுடலின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை சேரும் இடத்தை டிஇஇ அல்லது சிடி ஸ்கேனில் பார்க்கவேண்டும்.

பச்சிளங்குழந்தையின் ரிப்போர்ட்டில் பிஎஃப்ஓ என்று மட்டும் இருந்தால் பதறாதீர்கள், அந்த வயதில் அது இயல்பு.

சென்னையில் தனியார் ஸ்கேன் சென்டரில் எக்கோ எடுத்து, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கோ போகிறவர்கள் ரிப்போர்ட் தாளோடு நின்றுவிடாமல், ஓடும் படங்கள் பதிந்த சிடி தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சை முக்கிப் பிடித்தது சரியா, அறை குமிழால் நிரம்பியதா என்பதைத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.