நீட் இல்லாமல் நர்சிங், லேப் டெக்னீஷியன் சீட்: கிராமத்துப் பிள்ளைகளுக்குப் படிப்படியாக

குறிஞ்சிப்பாடி பக்கம் எங்கள் ஊரில், "நீட் எழுதல, ஆஸ்பத்திரி வேலையெல்லாம் நமக்கு எங்கே" என்று ஒதுங்கிவிடும் பிள்ளைகள் அதிகம். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் பி.எஸ்சி. நர்சிங், லேப் டெக்னாலஜி, பி.பார்ம். எல்லாவற்றுக்கும் பிளஸ் டூ மார்க்குதான். அக்கா மகளுக்கு விண்ணப்பம் போட்டபோது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி (அல்லது பாட்டனி, சுவாலஜி) உள்ள குரூப் எடுப்பது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு வேறு வழி கிடையாது.

2. சாதி, இருப்பிட, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை ரிசல்ட் வரும் முன்பே இ-சேவையில் போட்டுவிடுங்கள். ஜூன் மாதம் வி.ஏ.ஓ.வைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

3. கல்லூரியை விசாரிப்பது. இங்கேதான் பணம் போகிறது. பஸ் ஸ்டாண்டு சுவரில் "ஓராண்டில் நர்ஸ், அரசுப் பதிவு பெற்றது" என்று ஒட்டியிருப்பார்கள். நாங்கள் போன இடத்திலும் ஃபைலைத் திறந்து ஒரு பதிவு எண்ணைக் காட்டினார்கள். அது டிரஸ்டின் பதிவு எண், படிப்புக்கு உரியதல்ல. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "படிச்சு முடிச்சா தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ண முடியுமா சார்?" "பிளேஸ்மென்ட் இருக்கும்மா" என்று பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். கவுன்சில் பதிவு இல்லாதவர் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் அரசு நர்ஸ் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பட்டப்படிப்பு என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவர்கள் கொடுக்கும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.

4. ஆன்லைன் விண்ணப்பம். செல்போனில் போடாதீர்கள், கம்ப்யூட்டர்தான் நல்லது. பிரவுசிங் சென்டர் என்றால் மொபைல் எண்ணும் மெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும். அவசரத்துக்கு சென்டர்காரர் எண்ணைப் போட்டுவிட்டால், கல்லூரி சாய்ஸ் நிரப்பும் நாளில் ஓ.டி.பி.க்காக அவர் கடை வாசலில் நிற்க வேண்டிவரும்.

பிற்சேர்க்கை: பாகூர் எல்லையோரத்திலிருந்து பலர் கேட்டதால் சேர்க்கிறேன். புதுச்சேரிக்கு சென்டாக் என்று தனிக் கவுன்சலிங். அதன் அரசு ஒதுக்கீட்டுக்குப் புதுச்சேரி குடியிருப்புச் சான்று வேண்டும். கடலூர் முகவரி வைத்துக்கொண்டு அந்த இடத்தை எதிர்பார்க்காதீர்கள். ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம், அது தனி, அங்கே பி.எஸ்சி. நர்சிங்குக்கே நீட் மார்க் பார்க்கிறார்கள்.

இன்னொன்று: ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். கல்லூரியில் சேர்ந்ததும் ஆபீசில் கேட்டு விண்ணப்பியுங்கள். பேங்க் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும்.