பின்னணிக்கு அனுப்பிய வேலையிடம் கணக்குக் கேட்பது எப்படி

ஷெல் ஸ்கிரிப்டில் (ஷெல் என்ற நிரல் வரிசையாக ஓட்டும் கட்டளைகளின் கோப்பில்) ஒரு கட்டளையின் முடிவில் & குறியை வைத்தால் போதும், அது பின்னணிக்குப் போய்விடும்; ஸ்கிரிப்ட் காத்திராமல் அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும். 1970களின் தொடக்கத்து யூனிக்ஸிலேயே இருந்த வசதி. அனுப்புவது இவ்வளவு சுலபமாக இருப்பதால் பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். போன வேலை முடிந்ததா, உருப்படியாக முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத் தெரியாதவர் & குறியைத் தொடாமல் இருப்பதே மேல் என்பது என் கட்சி.

பழைய தமிழ் இதழ்களின் ஸ்கேன் படங்களை டெசராக்ட் நிரலைக் கொண்டு எழுத்தாக மாற்றுவது என் வேலை. பக்கத்துக்கு ஒரு படம். தாள் பழுப்பேறி, பின்பக்கத்து மை முன்பக்கம் தெரிகிற பக்கங்களில் நிரல் நெடுநேரம் திணறும். நான்கு கோர் உள்ள கணினியில் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவது வீண். அந்த வேலையை வைத்தே விளக்குகிறேன். நான் பயன்படுத்தும் ஷெல், பாஷ். கட்டளைப் பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன்; நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

முதலில், பின்னணிக்குப் போவது தனி செயல்முறை, அதாவது தனியாக ஓடும் ஒரு நிரல். அதற்குள் நீங்கள் மாற்றும் மாறி எதுவும் தாய் ஸ்கிரிப்டுக்குத் திரும்பி வராது. பின்னணியில் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு, வெளியே வந்து பார்த்தால் பழைய மதிப்புதான் இருக்கும். அதேபோல், ஸ்கிரிப்டிலிருந்து பின்னணிக்குப் போகும் கட்டளைக்கு விசைப்பலகை உள்ளீடு கிடைக்காது. 'மேலெழுதவா?' என்று கேட்கும் நிரல்களை அங்கே அனுப்பக் கூடாது. வெளியீடோ எல்லாம் ஒரே திரையில் வந்து கலக்கும். ஒவ்வொரு பக்கத்தின் பிழைச் செய்திகளையும் அந்தப் பக்கத்தின் பெயரிலேயே தனிக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

அடுத்து $! என்ற மாறி. கடைசியாகப் பின்னணிக்குப் போன செயல்முறையின் எண் அதில் இருக்கும். அடுத்த & வந்தவுடன் பழைய எண் போய்விடும் என்பதால் உடனே ஓர் அணியில் (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் மாறியில்) சேர்த்துவிட வேண்டும். நான் இரண்டு அணிகள் வைத்துக்கொள்கிறேன்: ஒன்றில் செயல்முறை எண், மற்றொன்றில் அதே இடத்தில் பக்கத்தின் பெயர். பல கட்டளைகளைக் குழாயால் (| குறியால்) கோத்து அனுப்பினால் $! தருவது கடைசிக் கட்டளையின் எண்ணை மட்டுமே.

இனி வெயிட், அதாவது பின்னணி வேலை முடியும்வரை காத்திருக்கும் கட்டளை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எண் எதுவும் தராமல் வெறும் வெயிட் என்று எழுதினால் எல்லா வேலைகளும் முடியும்வரை காத்திருந்துவிட்டு 0 என்று திருப்பும் (முடிவு எண் 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி). உள்ளே பத்து வேலை தோற்றிருந்தாலும் 0தான். பந்தியில் எல்லோரும் எழுந்துவிட்டார்களா என்று மட்டும் பார்த்து, யாருக்குச் சோறு விழவில்லை என்று கேட்காமல் இலையை எடுப்பது போன்றது அது. ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் -ஈ போட்டிருக்கிறேனே என்று நிம்மதி கொள்ளாதீர்கள். பின்னணியில் நடக்கும் தோல்வி அதன் கண்ணில் படாது.

வெயிட்டுக்கு ஒரு செயல்முறை எண்ணைக் கொடுத்தால், அந்தச் செயல்முறையின் முடிவு எண்ணையே திருப்பித் தரும். ஆகவே அணியைச் சுற்றிவந்து ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக வெயிட் எழுதுங்கள். மூன்றாவது வேலை முதலாவதற்கு முன்பே முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை வேண்டாம். அதன் முடிவு எண்ணை ஷெல் நினைவில் வைத்திருந்து நீங்கள் கேட்கும்போது தரும். உங்கள் பிள்ளைச் செயல்முறை அல்லாத எண்ணைக் கேட்டால் 127 வரும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செட் -ஈ இருக்கும்போது வெயிட் தோல்வி எண்ணைத் திருப்பினால் ஸ்கிரிப்டே அங்கே நின்றுவிடும், மீதி எண்களைக் கேட்க வழியிருக்காது. அதைத் தவிர்க்க இஃப், ஆச்சரியக்குறி, வெயிட் என்று எழுதிவிட்டு உள்ளே $? (முந்தைய கட்டளையின் முடிவு எண்) பார்த்தால் 0தான் கிடைக்கும், ஆச்சரியக்குறி விடையைத் திருப்பிப்போட்டுவிட்டதால். வெயிட் வரியின் கடைசியில் || (இடப்பக்கம் தோற்றால் மட்டும் வலப்பக்கத்தை ஓட்டும் குறி) போட்டு, அதன் வலப்பக்கம் $? மதிப்பை ஒரு மாறியில் வாங்குங்கள். சுற்றின் தொடக்கத்தில் அந்த மாறியை 0 ஆக்கிவிடுங்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை அனுப்புவது? முந்நூறு பக்கத்தையும் ஒன்றாக அனுப்பினால் நினைவகம் நிரம்பி எல்லாமே ஊர்ந்து போகும். டெசராக்டில் கூடுதலாக ஒரு சிக்கல்: அது தனக்குள்ளேயே பல இழைகளை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதிகளை) திறக்கிறது. நான்கு டெசராக்ட் ஓட்டினால் அவற்றின் இழைகள் எல்லாம் நான்கு கோருக்கு அடித்துக்கொள்ளும். ஓஎம்பி_த்ரெட்_லிமிட் என்ற சூழல் மாறியை (இது மட்டும் முழுக்கப் பெரிய எழுத்து) 1 என வைத்துவிட்டு, இணையாக ஓட்டுவதை உங்கள் ஸ்கிரிப்டிடம் விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வெயிட் -என் இருக்கிறது: ஏதாவது ஒரு வேலை முடிந்தவுடன் திரும்பும், நீங்கள் அடுத்ததை அனுப்பலாம். 2014இல் பாஷ் 4.3 உடன் வந்தது. முடிந்தது எது என்று சொல்லும் -பி தெரிவு 5.1இல்தான் சேர்ந்தது. மேக் கணினியோடு வரும் பாஷ் இன்னும் 3.2 என்பதால் இரண்டுமே அங்கே இல்லை. உண்மையைச் சொன்னால், ஒரே மாதிரியான வேலை குவியலாக இருக்கும்போது நான் இதையெல்லாம் விட்டுவிட்டு, பெயர்ப் பட்டியலை வாங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளையை ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளைக்குப் போய்விடுகிறேன். -0 -என் 1 -பி 4 என்று கொடுத்தால் (இந்தப் பி பெரிய எழுத்து) எப்போதும் நான்கு மட்டும் ஓடும். சில வேலைகள் தோற்றால் லினக்ஸில் 123 என்று திருப்பும். எது தோற்றது என்று சொல்லாது. ஆகவே எக்ஸ்ஆர்க்ஸ் அழைப்பது ஒரு சிறு ஸ்கிரிப்டாக இருக்கட்டும்; டெசராக்ட் தோற்றால் பக்கத்தின் பெயரை அதுவே ஒரு பட்டியல் கோப்பின் கடைசியில் சேர்த்துவிடும். வெவ்வேறு விதமான நாலைந்து வேலைகள் என்றால் $!, வெயிட் வழியே சரி.

கண்ட்ரோல்-சி அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். ஸ்கிரிப்டிலிருந்து & போட்டு அனுப்பியவை அந்த விசை அனுப்பும் நிறுத்தச் சிக்னலைப் பொருட்படுத்தாதபடிதான் தொடங்குகின்றன. ஸ்கிரிப்ட் செத்துவிடும், பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்கும், மின்விசிறியின் சத்தம் குறையாது. ட்ராப் கட்டளையால் இன்ட் (கண்ட்ரோல்-சி அனுப்புவது), டெர்ம் (முடித்துக்கொள்ளச் சொல்வது) என்ற இரண்டு சிக்னல்களையும் பிடித்து, அணியில் உள்ள எண்களுக்கு கில் கட்டளையால் டெர்ம் அனுப்பிவிட்டு 130 என்ற எண்ணோடு வெளியேறுங்கள். வெயிட்டில் காத்திருக்கும்போது சிக்னல் வந்தால் ட்ராப் உடனே வேலை செய்யும்; முன்னணியில் ஒரு கட்டளை ஓடிக்கொண்டிருந்தால் அது முடிந்த பிறகுதான். செயற்கூறு (பெயரிட்ட கட்டளைத் தொகுப்பு) ஒன்றை & போட்டு அனுப்பியிருந்தால் $! தருவது இடையில் நிற்கும் துணை ஷெல்லின் எண். அதைக் கொன்றாலும் டெசராக்ட் பிழைத்துக்கொள்ளும். செயற்கூறின் கடைசி வரியில் டெசராக்டுக்கு முன் எக்ஸெக் சேர்த்தால், அந்த வரியை எட்டியதும் துணை ஷெல்லே டெசராக்டாக மாறிவிடும். இப்படிக் கொல்லப்பட்ட வேலையின் முடிவு எண் 143 என்று வரும்: 128உடன் டெர்ம் சிக்னலின் எண் 15.

தொலைக் கணினியில் ஓட்டிவிட்டு இணைப்பைத் துண்டிக்கப் போகிறீர்கள் என்றால் முழு ஸ்கிரிப்டையும், துண்டிப்புச் சிக்னலைப் பொருட்படுத்தாமல் ஓடவைக்கும் நோஹப் கொண்டு தொடங்குங்கள், அல்லது இணைப்பு போனாலும் தொலைக் கணினியில் நீடிக்கும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள்.

பாதியில் நிற்கும் வேலை அரைகுறைக் கோப்பை விட்டுச் செல்லும். அதனால் டெசராக்டின் வெளியீட்டை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதவைத்து, முடிவு எண் 0 என்றால் மட்டும் எம்வி கொண்டு உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே கோப்புறையில் இருந்தால் மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும். மாற்றும் முன் டெஸ்ட் -எஸ் கொண்டு கோப்பு காலியாக இல்லை என்பதையும் பாருங்கள்; 0 என்ற எண் நிரல் தடுக்கி விழவில்லை என்று மட்டுமே சொல்கிறது, பக்கத்தில் எழுத்து கிடைத்தது என்று சொல்வதில்லை. உண்மைப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப்போகும்படி ஒரு வரி சேர்த்துவிட்டால், மின்சாரம் போய் வந்த பிறகு அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டலாம்; விடுபட்ட பக்கங்கள் மட்டும் நடக்கும்.